ரெண்டு கதவு வண்டி

மாமியாரின் வலது கால் வெளியே வந்துவிட்டது. மற்றதெல்லாம் இன்னும் காருக்குள்ளேயே இருந்தது.

"அத்தை, தலையைக் குனிஞ்சு இடுப்பைத் திருப்புங்க," என்றார் மருமகளான பல் டாக்டர்.

"திருப்ப இடம் இருந்தாத் திருப்ப மாட்டேனா?" என்றது பின் சீட்டிலிருந்து குரல்.

டாக்டரும் கணவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். ஒருவழியாக வெளியே வந்த மாமியார், "இனி இந்தப் பின் சீட்டுல நான் உட்கார மாட்டேன்," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார்.

இதற்காகவே காத்திருந்தவர் போல, "வித்துடலாம்," என்றார் கணவர். அவருக்கு நாலு கதவும் சாமான் வைக்க இடமும் உள்ள வண்டிமேல் ரொம்ப நாளாக ஒரு கண்.

டாக்டர் காரின்மேல் கை வைத்தார். ஜப்பானில் செய்வதையே நிறுத்திவிட்ட கார் அது. சிவப்பாக, தரையோடு தரையாக இருக்கும். சுவிட்சைத் தட்டினால் பானெட்டிலிருந்து விளக்குகள் கண்விழித்து எழுந்து நிற்கும். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு, மாலையில் அதில் ஏறி, ஒரு வளைவில் கியரை இறக்கி இன்ஜினைப் பாடவிட்டால்தான் அவர் மனுஷியாக வீடு திரும்புவார். ஆனாலும் அத்தையைத் தினமும் பல் பிடுங்குவதுபோல் பிடுங்கிக்கொண்டிருக்க முடியுமா?

"சரி, விப்போம்," என்றார். மனசுக்குள் வேறு கணக்கு ஓடியது. உண்மையைச் சொன்னால் ஜனங்கள் ஓடிவிடுவார்கள் என்பது அவருடைய தொழில் அனுபவம். வேர் சிகிச்சை என்றதுமே காலியான நாற்காலிகள் எத்தனையோ.

விளம்பரத்தை அவரே எழுதினார். இடது விளக்கு சொன்ன பேச்சைக் கேட்காது. பவர் ஸ்டீயரிங் கிடையாது. கூரை ஒழுகும். பின் சீட்டில் பை வைக்கலாம், பெரியவர்களை வைக்கக் கூடாது.

காபி ஆறுவதற்குள் போன் அடித்தது.

"பவர் ஸ்டீயரிங் நிஜமாவே இல்லைங்களா?" கேட்டவர் ஒரு கணக்கு வாத்தியார். குரல் தழுதழுத்தது.

"இல்லவே இல்ல. திருப்பறதுக்குள்ள தோள்பட்டை கழண்டுடும்."

"அப்ப ரோட்டுல கிடக்கிற கல்லுகூடக் கையில தெரியுமே. யாருக்கும் குடுத்துடாதீங்க, வந்துட்டே இருக்கேன்."

அவர் வருவதற்குள் ஒரு சலூன்காரர் வந்து காருக்கு அடியில் படுத்துவிட்டார்.

"மழை பெய்ஞ்சா கூரை ஒழுகும்," என்று டாக்டர் குனிந்து எச்சரித்தார்.

"ரப்பர் ஒரிஜினலா?"

"ஒரிஜினல்தான். அதனாலதான் ஒழுகுது."

"மாத்தாம வெச்சிருக்கீங்களே," என்று அடியிலிருந்து பெருமூச்சு வந்தது. "உங்களைக் கையெடுத்துக் கும்பிடணும்."

டாக்டர் விலையை இரண்டு மடங்காக்கினார்.

"அருமை தெரிஞ்சவங்க," என்றார் அதற்குள் வந்து சேர்ந்திருந்த வாத்தியார். இருவரும் இடது விளக்கு பாதியில் எழுந்து தூங்கி வழிவதை, தொட்டில் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இனி பயமுறுத்திப் பார்ப்பதுதான் பாக்கி. வாத்தியாரைப் பக்கத்தில் உட்காரவைத்து டாக்டர் ஓட்டிக்கொண்டு போனார். தெருமுனை வளைவில் கியரை இறக்கி ஒரு மிதி மிதித்தார். இன்ஜின் அலறியது. பின்பக்கம் லேசாக நழுவி, நல்ல பிள்ளையாக நேருக்குத் திரும்பியது. வாத்தியார் கத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொரு வாட்டி," என்றார்.

டாக்டராலும் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. அங்கேதான் காரியம் கெட்டது. இருவரும் வாயெல்லாம் பல்லாக வீடு திரும்பினார்கள். வாசலில் அதற்குள் கூடிவிட்ட கூட்டம் அந்தப் பற்களைப் பார்த்தது. அதன்பிறகு யாரும் விலையைப் பற்றியே பேசவில்லை.

ஆனால் கணவர் ஏற்கெனவே வேறொருவருடைய கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை போட்ட அமைதியான மனிதர்.

"முடிஞ்சிடுச்சு," என்றார் கணவர். "நீ சொன்ன விலைக்கே சரின்னுட்டார். வண்டியைப் பார்க்கணும்னுகூடச் சொல்லல."

"ஒண்ணுமே கேக்கலையா?"

"டிரைவர் சீட்டு முன்னாடி நல்லா நகருமான்னார். கிளட்ச் மிதிச்சா முட்டி வலிக்குமான்னார். அவ்வளவுதான்."

வாத்தியாரும் சலூன்காரரும் துக்க வீட்டிலிருந்து கிளம்புவதுபோல் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார்கள். டாக்டர் சாவியை நீட்டினார். கை நீண்டதே தவிர விரல்கள் விடவில்லை. வந்தவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

"காலையில ஸ்டார்ட் பண்ணின உடனே மிதிக்காதீங்க," என்றார் டாக்டர். "கொஞ்சம் சூடாகட்டும். அதுக்கப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேக்கும்."

"சொல்லிடறேங்க," என்று சாவியை வாங்கிக்கொண்ட அந்த மனிதர், காரின் பக்கமே திரும்பாமல் வீட்டுப் படியேறினார்.

"வண்டி அங்க இருக்குங்க."

"அது அங்கேயே இருக்கட்டும் டாக்டர். நான் டிரைவிங் ஸ்கூல் நடத்தறவன், போன வாரம் லைசென்ஸ் வாங்கின உங்க மாமியார் கையில சாவியைக் குடுத்துட்டுப் போகத்தான் வந்தேன்."