தொட்டில் பக்கத்துச் சுவர் விஷயமாக

ஆலுவாவில் இருக்கும் சம்பந்தியம்மாள் அழகம்மாள் அவர்களுக்கு, மட்டாஞ்சேரியிலிருந்து மாயம்மாள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே என் முட்டிவலி தவிர மற்றதெல்லாம் சுகம். அங்கே உங்கள் சுகர், சம்பந்தியின் கால்வீக்கம், பேத்தி மகாவின் இருமல் எல்லாம் எப்படி என்று அறிய ஆவல். கடைசியாகச் சொன்னதை முதலில் அறிய ஆவல். ஸ்வர்ணலதாவுக்குத் தமிழ் வாசிக்க வராது. என் மருமகளானாலும் உங்கள் மகள்தானே, நீங்களே வாசித்துக் காட்டவும். உங்கள் வீட்டாரைப் பற்றி வரும் இடங்களைத் தாண்டிப் போக வேண்டாம்.

குழந்தைக்குப் புழுக்கம் ஆகாது என்று ஏசி வாங்கிக் கொடுத்தீர்கள். நான் கேட்கவில்லை. கல்யாணத்தில் நான் கேட்டது கிரைண்டர், அது இன்றுவரை வரவில்லை, அதை இப்போது நான் சொல்லவும் இல்லை. ஏசி மாட்ட வெளியாள் எதற்கு என்று உங்கள் இளைய மகன் ரமேஷ்பாபுவை அனுப்பினீர்கள். வந்தான், மீன்குழம்பு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான், மாட்டினான், “அத்தே, இனி உங்களுக்கு ஊட்டிதான்” என்று சொல்லிவிட்டுப் போனான். தண்ணீர் போகிற குழாய் வெளியே சரிந்திருக்க வேண்டுமாம், அவன் உள்ளே சரித்து வைத்திருக்கிறான். தண்ணீரெல்லாம் சுவருக்குள் இறங்கி, முதலில் ஈரம், பிறகு எள்ளைத் தூவின மாதிரி கறுப்புப் பொட்டு, பிறகு பழைய சாக்கு நாற்றம். நான் அன்றைக்கே காட்டினேன். “அது நிழல் அம்மா” என்றாள் உங்கள் மகள். நிழல் விரலில் ஒட்டுமா?

குழந்தை இரும ஆரம்பித்ததும் டாக்டர் பார்த்துவிட்டு, பூசணம் போகும்வரை அந்த அறையில் படுக்க வைக்கக் கூடாது என்றார். அன்று சாயங்காலமே சம்பந்தி வண்டியோடு வந்து குழந்தையையும் மகளையும் ஏற்றினார். என் மகன் பாண்டித்துரையும் தலையணையோடு ஏறிக்கொண்டான். “எங்க வீடு நல்லா உலர்ந்து கெடக்கு, கேட்டீங்களா” என்று சம்பந்தி என்னிடம் சொன்னார். அந்தக் கேட்டீங்களா என் காதில் இருக்கிறது. கல்யாணப் பந்தியில் என் அண்ணன் இலைக்குப் பாயசம் வராததும் கண்ணில் இருக்கிறது.

ஆகவே நானே இறங்கினேன். ஏசியை அணைத்து, சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்து, சுண்ணாம்பில் கெட்டிக் கஞ்சி கலந்து அடித்தேன். கஞ்சி விட்டால் சுண்ணாம்பு உதிராது. என் மாமியார் காட்டிய வழி. அவள் எனக்குச் செய்தது ஒன்றையும் நான் மறக்கவில்லை, ஆனால் சுண்ணாம்பில் கெட்டிக்காரி. பெயிண்ட் வேலை பார்க்கிற பக்கத்து வீட்டுப் பையன் பினு, என்னைப் பாட்டி முறை வைத்துக் கூப்பிடுகிறவன், சன்னல் வழியே, “அம்மூம்மே, கஞ்சி வேண்டா” என்றான். “நீ பொறக்கறதுக்கு முன்னேயே நான் வெள்ளையடிச்சவ, போடா” என்றேன். இப்போது சுவர் பால் மாதிரி இருக்கிறது. தொட்டில் துணியும் துவைத்தாயிற்று. ராத்திரி குழந்தை அழுகிற சத்தம் இல்லாமல் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை, அதை சம்பந்தியிடம் சொல்ல வேண்டாம். குழந்தையை ஞாயிற்றுக்கிழமை அனுப்பி வைக்கவும். ரமேஷ்பாபு மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, கேட்டால் தடுக்க மாட்டேன். நான் உங்கள் வாசல்படி ஏறுவேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

மகாவுக்கு என் ஆயுசில் மிச்சம் இருப்பதெல்லாம். உங்களுக்கு நமஸ்காரம். சம்பந்திக்கும் கொஞ்சம்.

இப்படிக்கு,
மாயம்மாள்

பி.கு.: தபாலில் போட ஆள் இல்லாமல் கடிதம் பத்து நாள் கிடந்துவிட்டது. அதற்குள் கஞ்சி பட்ட இடமெல்லாம் கறுத்துவிட்டது, முன்னைவிடச் செழிப்பாக. பினு வந்து பார்த்து, “அம்மூம்மே, நீங்க இதுக்குச் சோறு ஊட்டி வளர்த்திருக்கீங்க. எல்லாம் சுரண்டி, சுவர் காய்ஞ்சு, பெயிண்ட் அடிக்க ஒரு மாசம் ஆகும்” என்றான். குழந்தையை அனுப்ப வேண்டாம். சாவியைப் பினுவிடம் கொடுத்துவிட்டேன். வருகிற ஞாயிறு காலை பஸ்ஸில் எர்ணாகுளம் வந்து மெட்ரோ ஏறுகிறேன். ஆலுவா ஸ்டேஷனில் கை பிடித்து இறக்க ரமேஷ்பாபு வந்தால் போதும். எனக்குக் கட்டில் வேண்டாம். பாயைத் தொட்டில் கைக்கு எட்டுகிற மாதிரி விரிக்கவும்.