ஜன்னலுக்கு வெளியே இருந்த தகப்பன்

நாசெலா கிராமம், சவுசவு அருகில்

அன்பும் சோம்பலும் ஒருங்கே நிறைந்த மச்சான் இலியேசாவுக்கு, உன் அக்காள் புருஷன் அபிசாய் எழுதுவது. கர்த்தருடைய கிருபையாலும், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு ஆறிப்போகும்வரை போதகர் செய்த ஜெபத்தாலும் நாங்கள் எல்லோரும் சுகம். குவீன்ஸ்லாந்தில் நீயும், உன் மனைவியும், நீ வெட்டும் வாழைத்தார்களும் அவ்விதமே சுகமாக இருப்பீர்களாக.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மருமகள், என் மகள் லாவேனியாவை அங்கே முதியோர் இல்லத்தில் ஆயா வேலைக்கு அனுப்பச் சொல்லி, மாதக் கடைசிக்குள் பதில் கேட்டிருந்தாய் அல்லவா? இதோ பதில்: அவள் வரமாட்டாள். கோபப்படாமல் மேலே படி. நர்ஸ் படிப்பை முடித்து, தொப்பி வைத்துப் படம் எடுத்து, அதைச் சபைக்கூடம் முழுக்கக் காட்டியாயிற்றே தவிர, வேலை மட்டும் வரவில்லை. போன இடத்திலெல்லாம் "அனுபவம் இருக்கா?" என்ற ஒரே கேள்விதான். "வேலை குடுத்தாத்தானேங்க அனுபவம் வரும்?" என்று இவள் கேட்டால், "அனுபவத்தோட வாம்மா, வேலை தர்றோம்" என்கிறார்கள். முட்டை முதலா கோழி முதலா என்று கேட்டு என் மகளை ஊர் ஊராக அலைய விட்டார்கள். அவளுக்கோ இங்கேயே, நம் ஜனங்களுக்கே ஊசி போட வேண்டும் என்று ஆசை. உன் அக்கா உன் கடிதத்தைப் பார்க்கும்போதெல்லாம் அழுதுவிட்டு, அழுத கையோடு மகளுடைய பெட்டியையும் தூசி தட்டினாள்.

இப்படி இருக்கும்போது சவுசவு பக்கத்தில் புதிதாகத் திறந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. பெண் பிள்ளையைத் தனியாக அனுப்புவதா? அதுவும் புது இடத்துக்கு வெறுங்கையோடா? நல்ல சூலு வேட்டி கட்டிக்கொண்டு, ஒரு கட்டு யங்கோனா வேரைத் தோளில் போட்டுக்கொண்டு நானும் கிளம்பினேன். "அப்பா, இது இன்டர்வியூ. யாரும் அங்க சட்டி வச்சு யங்கோனா கரைச்சுக் குடிக்க மாட்டாங்க" என்றாள். "குடிக்கிறதும் குடிக்காததும் அவங்க இஷ்டம், குடுக்கிறது நம்ம மரியாதை" என்றேன். பஸ் ஏறும்போது வேர்க்கட்டு ஒரு போலீஸ்காரர் முகத்தில் உரசி, அவர் தும்மித் தும்மியே நகரம் வரை வந்து, இறங்கும்போது என் மகளிடம் சளிக்கு மருந்து கேட்டார். ஆஸ்பத்திரி வாசலில் இருந்த எழுத்தர் பெண், "பெருசு, சொந்தக்காரங்க உள்ள வரக்கூடாது, வேரும் வரக்கூடாது" என்று என்னையும் வேர்க்கட்டையும் வெளியே தள்ளிவிட்டாள். நல்லவேளை, நேர்காணல் அறையின் ஜன்னலை ஒட்டி ஒரு பலாமரம் இருந்தது. நிழலுக்காகத்தான் அங்கே உட்கார்ந்தேன். கண்ணாடிப் பட்டைகள் திறந்திருந்தது என் குற்றமா?

உள்ளே இரண்டு பேர். ஒருவர் தலைமை நர்ஸ், சிஸ்டர் கெலேரா. கதவு அளவு உருவம். இன்னொருவர் டங்கன் என்று ஒரு மேலாளர், உங்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து ஒரு வாரம்கூட ஆகாத பையன். என் மகள் குரல் நடுங்குகிறது, கேட்ட கேள்விக்கெல்லாம் "ஆமாங்க, இல்லீங்க" மட்டும்தான். சிஸ்டர் பெருமூச்சு விட்டு, "எந்த ஊரும்மா நீ?" என்றார். "நாசெலாங்க." உடனே அந்த அம்மாள் நிமிர்ந்தார். "நாசெலாவா! நான் வைலுத்து!"

நீ போய் வருஷக்கணக்காகிறது, மறந்திருப்பாய். நமக்கும் வைலுத்துவுக்கும் ஆதியில் ஒரே குலசாமி. பார்த்த இடத்தில் வாய்க்கு வந்தபடி கேலி பேசலாம், அவர்கள் பொருளை நாமும் நம் பொருளை அவர்களும் கேட்காமலே எடுக்கலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. பதில் பேசாமல் விட்டால் மட்டும் ஊர் மானம் போகும். அந்த அம்மாள் ஆரம்பித்தார். "உங்க ஊர்ல காய்ச்சல்னா ஆளைக் கடல்ல முக்கித்தானே ஆற வைப்பீங்க? உனக்கெதுக்குடி நர்ஸ் படிப்பு? நண்டு ஒண்ணு ஓடினா நோயாளியை விட்டுட்டுப் பின்னாலயே ஓடுவே!" என் மகள் வாயைத் திறக்கவில்லை. பணிவாக இரு என்று கல்லூரியில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நானும் பொறுத்தேன், பல்லைக் கடித்தேன், முடியவில்லை மச்சான். எழுந்து ஜன்னலில் முகத்தை வைத்துக் கத்தினேன்: "வைலுத்துக்காரனுக்கு நாடி எதுக்குப் பாக்கணும்? சுட்ட பன்னியைப் பக்கத்துல வை! எந்திரிச்சா உசுரு இருக்கு, எந்திரிக்கலேன்னா பொட்டியைச் செய்!"

டங்கன் வெலவெலத்துப் போனார். என் மகளுக்குத் தண்ணீர் கொடுத்து, "உன்னை இவங்க அவமானப்படுத்திட்டாங்க. நீ புகார் குடுக்கலாம்மா" என்றார். போயிற்று, வேலையும் போயிற்று என்று நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். லாவேனியா பதறி, "ஐயோ சார், அது முறை. திட்டாமப் போயிருந்தாத்தான் எங்களுக்கு அவமானம்" என்றாள். "அப்ப ஜன்னல்ல கத்தினது யாரு?" "அது... எங்கப்பா சார்." டங்கன் என்னைப் பார்த்தார், வேர்க்கட்டைப் பார்த்தார். "சரி. ஒரு நோயாளி உன்னை இப்படித் திட்டினா என்ன பண்ணுவே?" என்றார். அப்போதுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு பயமும் போனது. "திட்ட மூச்சு இருக்கேன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டு, அந்தச் சாக்குல பட்டையைச் சுத்தி ரத்த அழுத்தம் பாத்துருவேன் சார்." பிறகு சிஸ்டர் பக்கம் திரும்பி, "வைலுத்து ஆளுங்கன்னா மட்டும் ரெண்டு தடவை பாக்கணும். முதல் தடவை உடம்பும் பொய் சொல்லும்" என்றாள்!

சிஸ்டர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "எடுத்துக்கிட்டேன்! நாசெலாவுல எது இருந்தாலும் கேக்காம எடுக்கிறது எங்க உரிமை. இந்தப் பொண்ணை எடுத்துக்கிட்டேன்." டங்கன் மெதுவாக, "அனுபவம் இல்லையே?" என்றார். "இப்படி ஒரு அப்பனோட பொறந்ததிலேருந்து குடியிருக்கா, இதுக்கு மேல என்ன அனுபவம் வேணும்?" மச்சான், பலாமரத்தடியில் நான் குழந்தை மாதிரி அழுதேன். திங்கள் முதல் வேலை. ஆகவே இந்த வேலையை வாங்கித் தந்தது யார் என்று நீயே யோசித்துக்கொள். சமயத்தில் பேசத் தெரிந்த தகப்பன் எல்லாப் பிள்ளைகளுக்கும் வாய்த்துவிடுவதில்லை.

உன் மனைவிக்கு எங்கள் அன்பு. பிள்ளைகள் தலையில் கைவைத்து நான் ஆசீர்வதித்ததாகச் சொல். கடலும் காற்றும் உங்கள் வீட்டை மென்மையாகத் தொடட்டும்.

இப்படிக்கு,
பெருமையோடு,
அபிசாய்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் நம் ஊர்த் தலைவர் வந்து என் தலையில் இடியைப் போட்டார். சிஸ்டர் கெலேரா வைலுத்துவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன மருமகளாம். பிறந்தது லாவ் தீவுகளில் எங்கேயோ. நமக்கும் அவருக்கும் கேலி முறையே கிடையாது! அந்நியப் பெண்பிள்ளையை ஜன்னலில் நின்று திட்டியிருக்கிறேன். அதே வேர்க்கட்டைத் தூக்கிக்கொண்டு, லாவேனியாவையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய், அவர் முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு அப்பவே தெரியும். பொண்ணு நடுங்கிக்கிட்டிருந்தா, பேச வைக்கிறதுக்காகப் புருஷன் ஊர் முறையை இரவல் வாங்கினேன். ஜன்னலும் சேந்து பேசும்னு நான் என்னத்தைக் கண்டேன்?" என்றார். "அப்ப வேலை?" என்றேன். "எடுத்தது எடுத்ததுதான். ஆனா நமக்குள்ள ஒரு முறை வேணுமே. இன்னையிலேருந்து நீங்க எனக்கு அண்ணன்." அங்கே இருந்தவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள், நானும் உருகிப் போனேன். பாதி வழியில்தான் உறைத்தது: நம் வழக்கப்படி அண்ணன் தங்கையோடு நேரில் பேசக் கூடாது, அவள் காதுபட வாயே திறக்கக் கூடாது! லாவேனியா வீடு வரை சிரித்தாள். உன் அக்கா சிரிக்கவில்லை. அந்த அம்மாளுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள்: "அண்ணி வீடும் உங்க வீடுதான், வந்து ஒரு மாசம் தங்கிட்டுப் போங்க."