மாப்பிள்ளையின் பெட்டி மயங்கி விழுந்த விவகாரம்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமியார் பணிவுடன் எழுதுவது. இங்கே நாங்கள் நலம். நாங்கள் என்றால் நானும், நீங்கள் வாசலைக் காட்டி அனுப்பிய உங்கள் மகளும். உங்கள் நலத்தைக் கேட்கவில்லை. கோபமாக இருப்பவரிடம் நலம் விசாரித்தால் அதற்கும் ஒரு கோபம் வரும்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். மாப்பிள்ளையை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை, இப்போதும் பேசப்போவதில்லை. ஆனால் பேத்தி துணிப்பையோடு வந்து இறங்கியதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. "என்னடி நடந்துச்சு?" என்று குடைந்து குடைந்து கேட்டேன். உங்கள் கம்பெனி செய்கிற இன்டர்நெட் பெட்டியில் ஒரு கோளாறு கண்டுபிடித்தாளாம். வெளியிலிருந்து எவனாவது கோணல்மாணலாக ஒரு செய்தி அனுப்பினால், அதைப் படிக்கத் தெரியாமல் பெட்டி மயங்கி விழுந்துவிடுமாம். பிறகு தானே எழுந்து உட்காருமாம். மறுபடி அனுப்பினால் மறுபடி விழுமாம். அனுப்பிக்கொண்டே இருந்தால் வீட்டில் இன்டர்நெட்டே இருக்காதாம். நாங்கள் படித்த காலத்தில் புரியாத எழுத்து வந்தால் விட்டுவிட்டு அடுத்ததைப் படிப்போம். வகுப்பில் யாரும் மயங்கி விழுந்ததில்லை. உங்களுடையது பெரிய படிப்புப் படித்தவர்கள் செய்த பெட்டி, அதனால் நாசூக்கு அதிகம் போலிருக்கிறது.

"அப்பா, இதைச் சரிபண்ணாம விக்காதீங்க" என்றாளாம். "அந்த மாதிரி செய்தியை யாரும் அனுப்ப மாட்டாங்க" என்றீர்களாம். "அனுப்பறவன் உங்ககிட்ட அனுமதி கேட்டுட்டா அனுப்புவான்? இதே பெட்டி ஆஸ்பத்திரியிலயும் இருக்குப்பா!" அதற்கு நீங்கள், "என் சோத்தைத் தின்னுட்டு என் பெட்டியவே குறை சொல்றியா? வெளிய போ!" என்றீர்களாம். என்ன பாசம், மாப்பிள்ளை! இவள் குழந்தையில் காய்ச்சலாகக் கிடந்தபோதுகூட நீங்கள் இப்படித் துடித்து நான் பார்த்ததில்லை.

என் மகளுக்குப் போன் செய்தால் அவள் உங்களுக்கு மேல். "அம்மா, அவருக்குப் பதவி உயர்வு வர்ற நேரம். இப்பப் போய்க் கோளாறுன்னு சொன்னா எப்படிம்மா?" என்கிறாள். பெட்டி விழுந்தால் தானே எழுந்திருக்கும், பதவி விழுந்தால் எழுந்திருக்குமா என்று உங்களுக்காகக் கவலைப்பட்டவள் என் பேத்தி ஒருத்திதான்.

நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டாம். அது உங்கள் வாயில் வராது. "சாப்பிட்டியாம்மா?" என்று ஒரு போன் செய்யுங்கள். பெட்டியைச் சரிசெய்யச் சொல்லிவிட்டு, வந்து அழைத்துப் போங்கள். மற்றபடி இந்த விஷயத்தில் நான் தலையிட மாட்டேன். நம் குடும்பத்தில் யாரும் யாருக்கும் கெடுதல் செய்தவர்கள் இல்லை. நீங்கள் பதவியும் புகழுமாய் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். என் மகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
பெட்டியைப் பற்றி ஒன்றும் தெரியாத மாமியார்.

பி.கு.: இன்று காலை நீங்கள் வீட்டிலிருந்தபடி முதலாளிகளிடம் "நம்ம பெட்டி ஒரு நிமிஷம்கூட நிக்காது சார்" என்று சொல்லச் சொல்ல மூன்று தடவை இணைப்பு அறுந்ததாமே, என் மகள் சொன்னாள். அது நான்தான். பேத்தி குளிக்கப் போயிருந்தாள். உங்கள் வீட்டுப் பெட்டிக்கு அந்தக் கோணல்மாணல் செய்தியை அனுப்ப அவள் கம்ப்யூட்டரில் எதை எதை அமுக்க வேண்டும் என்று நேற்றே வேடிக்கை போல் கேட்டு வைத்திருந்தேன். அடுத்த வாரமும் உங்களுக்குக் கூட்டம் இருக்கிறதாமே? நான் எங்கேயும் போகவில்லை, வீட்டில்தான் இருப்பேன்.