அரை மணி நேரத்துக்கு ஆதாரம்

மூன்றாவது தகவல் உரிமை மனுவும் வந்துவிட்டது. தடுப்பூசி போட்ட பிறகு குழந்தையோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கச் சொல்கிறதே அரசு, அதற்கு அறிவியல் ஆதாரம் என்ன? அதே கேள்வி, அதே குண்டுக் கையெழுத்து.

"இந்தத் தடவையும் அந்த ஆளைத் திருப்திப்படுத்தலைன்னா மேல்முறையீட்டுக்குப் போயிடுவான்," என்றார் கண்காணிப்பாளர். "போனான்னா உன்னைப் பழைய ஊருக்கே தூக்கி அடிச்சிடுவாங்க. பெட்டியைப் பிரிச்சிட்டியா?"

சுகாதார நிலையத்து எழுத்தர் மனுவை மறுபடி எடுத்துப் படித்தான். கல்யாணமான நாள்முதல் அவன் ஓர் ஊர், மனைவி ஓர் ஊர். ஒரே ஊருக்கு மாற்றல் கிடைத்தது போன மாதம்தான். பெட்டியைப் பிரித்து, சட்டைகளை அவள் அலமாரியில் அடுக்கியும் ஆகிவிட்டது.

"யாரு சார் அந்த ஆளு? ஊசியே வேணாம்ங்கற கட்சியா?"

"லிஃப்ட் மெக்கானிக். பிள்ளைக்கு ஒரு ஊசி விடாம போடறான். நம்ம பெஞ்சுல அரை மணி உக்கார உடம்பு வணங்கல, அவ்வளவுதான்."

முதல் மனுவுக்கு எழுத்தர் துண்டறிக்கையை அனுப்பியிருந்தான். 'இதில் அறிவுரைதான் இருக்கிறது, ஆதாரம் இல்லை' என்று பதில் வந்தது. நியாயம்தான். அடுத்த மனுவுக்குத் தலைமை அலுவலகத்தைக் கேட்டான். தலையணை கனத்தில் ஒரு காகிதக் கட்டு வந்தது. பிரித்துப் பார்க்காமல் அப்படியே நகலெடுத்து அனுப்பினான். மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டார். ஓரிடத்தில் அரை மணி, இன்னோரிடத்தில் கால் மணி.

மத்தியானம் அவரே நேரில் வந்து நின்றார். விரல்களில் கிரீஸ், குரலில் பணிவு.

"ரெண்டுல எது சார் சரி?"

"பாத்துச் சொல்றேங்க."

"ஒரு மணி நேரம்னு எங்கயாவது போட்டிருக்கா சார்?"

நக்கல். எழுத்தருக்குக் காது சிவந்தது.

காகிதக் கட்டை வீட்டுக்குத் தூக்கிப்போனான். மனைவியும் அவனும் ஆளுக்குப் பாதியாகப் படித்தார்கள்.

"இதுக்குத்தான் ஒரே ஊருக்கு வந்தீங்களா?" என்றாள் அவள். ஆனாலும் விடாமல் படித்தாள். புரியாத பக்கங்களைக் குறித்துக்கொண்டு காலையில் மருத்துவ அதிகாரியிடம் போனான்.

"ஆதாரம் இல்லாம என்ன?" என்றார் அவர். "ரொம்ப அபூர்வமா சிலருக்கு ஒவ்வாமை வந்து மூச்சு முட்டும். உடனே மருந்து குடுத்தா காப்பாத்திடலாம். பெரும்பாலும் முதல் கால் மணிக்குள்ளயே தெரிஞ்சிடும். முன்னாடி அப்படி வந்தவங்களுக்குத்தான் அரை மணி. நாம எதுக்கும் இருக்கட்டும்னு எல்லாரையும் உக்கார வச்சுட்டோம்."

"மாத்தலாமா டாக்டர்?"

"மாத்திட்டாப் போச்சு. பெஞ்சுலயும் இடம் கிடைக்கும்."

அறிவிப்புப் பலகையில் அரை மணி கால் மணி ஆனது. பதிலை எடுத்துக்கொண்டு எழுத்தர் தடுப்பூசி அறைக்கே ஓடினான். மெக்கானிக் பெஞ்சில் இருந்தார். பக்கத்தில் ஒரு பெண், அவள் மடியில் அழுது ஓய்ந்த குழந்தை.

"ஆதாரம் கிடைச்சிருச்சுங்க! உங்க பிள்ளைக்குக் கால் மணியே போதும். உங்க புண்ணியத்துல ஊருக்கே கால் மணி மிச்சம்!"

மெக்கானிக் பக்கத்திலிருந்த பெண்ணைத் திரும்பிப் பார்த்தார்.

அந்தப் பெண் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பையை மாட்டிக்கொண்டாள். "அப்ப நாங்க கிளம்பறோம்," என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுக் குழந்தையோடு வெளியேறினாள். மெக்கானிக் எழுந்திருக்கவில்லை.

"திருப்தின்னு ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா..."

போட்டார். எழுத்தருக்கு உயிர் வந்தது. பழைய ஊர் இனி இல்லை. படபடப்பு அடங்கியதும்தான் அவர் இன்னும் பெஞ்சிலேயே இருப்பதைக் கவனித்தான்.

"என்னம்மா இவரு, கேட்டதைக் குடுத்தும் முகத்துல ஒரு சந்தோஷம் இல்லையே?" என்று நர்ஸிடம் மெல்லக் கேட்டான்.

நர்ஸ் ஊசித் தட்டை மூடினாள்.

"பிரிஞ்சு இருக்கறவங்க சார், அரை மணி எதுக்குன்னு அந்தப் பொண்ணு கேட்டதாலதான் இவரு ஆதாரம் தேடினாரு, பிள்ளைக்கு ஊசின்னாதான் ஒரே பெஞ்சுல உக்காருவாங்க, முதல் கால் மணி அந்தப் பொண்ணு முகத்தைத் திருப்பிக்கிட்டுதான் இருக்கும், அதுக்கப்புறம்தான் பேசவே ஆரம்பிக்கும்."