பாக்குவெட்டி வைத்தியர்கள்

டாக்குத்தர் எழுதிக் கொடுத்ததைத் தன் கையால் ஒருமுறை திருத்தாமல் விழுங்கினால் தொண்டையில் சிக்கும் என்று நம்பும் ஓர் இனம் எங்கள் தீவில் உண்டு. உங்கள் ஊரில் இல்லையா? எனக்குக் கதை விடாதீர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், வெறுங்கையோடு தொடங்கி மூன்று லொறி ஓட்டுவித்தவன், ஆளைக் கண்டவுடனே எடை போட்டுவிடுவேன்.

இந்த இனத்தின் தலைவர் கரம்பொன் குலசிங்கத்தார். எதிரே வருவது நானா மாடா என்று தெரியாத அளவுக்கு இரண்டு கண்ணிலும் வெண்படலம். சலரோகம், அதுதான் சீனி வருத்தம், இறங்கினால்தான் கண்ணில் கத்தி வைப்போம் என்று இரண்டுதரம் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைசியாக, சீனியை இறக்கும் இரண்டு மருந்தும் சேர்ந்த ஒரே குளிசையாகக் கொடுத்தார்கள். விழுங்கினாரா? பாக்குவெட்டியை எடுத்தார். அதில் ஒரு மருந்து மனைவி மனோகரியும் போடுவதுதான்.

“உம்மட மருந்தும் இதுக்குள்ள கிடக்கு. இந்தப் பாதி எனக்கு, அந்தப் பாதி உமக்கு.”

“இஞ்சேருங்கோ, எந்தப் பக்கம் என்ரை?”

“எழுத்து அடிச்ச பக்கம் என்ரை. வெறும் பக்கம் உம்மட.”

நாலு மாதம் இப்படியே போனது. பிறகு, கண் வெட்டுகிற நாள் குறிக்கப் போகிறார்கள் என்று வேட்டியை வெளுத்துக் கட்டிக்கொண்டு, மனோகரியையும் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். சீனி முந்தியதை விட ஏறி நின்றது.

“ஐயா, குளிசை ஒழுங்காப் போடுறீங்களோ?” என்று கேட்டாள் தாதி றஞ்சனி.

“ஓம் பிள்ளை. என்ரை பங்கை ஒருநாளும் விட்டதில்லை.”

“பங்கோ?”

கதை வெளியே வந்தது. றஞ்சனி தலையில் கை வைத்தாள். “சம்பலைப் பாதியாப் பிரிச்சா உப்பு ஒரு பக்கம், உறைப்பு ஒரு பக்கம் போகுமோ ஐயா? ரெண்டு பாதியிலயும் ரெண்டும்தான் இருக்கு!”

“அப்ப நாலு மாசமா நான் ஆரின்ரை மருந்தை விழுங்கினனான்?” என்றார் மனோகரி. கண் வெட்டுகிற நாள் மூன்றாம் தரமும் தள்ளிப்போனது. பஸ்ஸுக்கு நடக்கும்போது, வழியில் நின்ற விளக்குக் கம்பத்தை நான் என்று நினைத்து, “அந்தப் பிள்ளைக்கு அனுபவம் காணாது, கதிர்காமு” என்றார் குலசிங்கத்தார்.

சிரிக்கிறீர்கள். நீங்கள் குளிசையை வெட்டுவதில்லை, முழுதாகவே விழுங்குகிறீர்கள், நல்லது. கிளினிக்குக்குப் போக முந்தின மூன்று நாள் மட்டும் சீனி போடாத தேத்தண்ணீர் குடிக்கிறீர்களே, அது எந்த டாக்குத்தர் எழுதித் தந்தது?