பூஜ்யத்தை இடம் மாற்றிய மேஸ்திரி

விருத்தாசலத்தில் எது மேடு, எது பள்ளம் என்று மணிமுத்தாற்றுத் தண்ணீருக்கு அடுத்தபடியாகத் தெரிந்த ஒரே ஆள் எங்கள் தெரு சைபர் மேஸ்திரிதான். ஆற்றுத் தண்ணீராவது கோடையில் ஊர்ப்பக்கம் வராது. மேஸ்திரி தினமும் வருவார்.

அவருடைய இயற்பெயர் என் டைரியில்கூட இல்லை. கொத்தனார் வேலை. தோளில் எப்போதும் ஒரு நீளமான பிளாஸ்டிக் டியூப், உள்ளே நீலம் கரைத்த தண்ணீர். ஒரு முனையை நாம் பிடித்துக்கொள்ள வேண்டும். மறுமுனையோடு அவர் நடப்பார். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதை வைத்து மேடு பள்ளம் சொல்லிவிடுவார். தெருவில் சும்மா போகிற யார் கையிலும் ஒரு முனையைத் திணிப்பது அவர் வழக்கம். பால் வாங்கி வந்த என்னை ஒருநாள் நாற்பது நிமிடம் நிறுத்திவிட்டார். பால் திரிந்த செய்தி டைரியில் இருக்கிறது.

தெருமுனை அடிபம்பின் மேடை ரோட்டு மட்டத்தில் இருக்கும். அதைப் பூஜ்யம் என்று அறிவித்தார். அங்கிருந்து ஒவ்வொரு வீட்டுத் தரையும் எத்தனை அங்குலம் ஏற்றம், எத்தனை இறக்கம் என்று அளந்து, வாசல் சுவரில் காவியால் எழுதினார். ஏற்றம் பிளஸ், இறக்கம் மைனஸ். டீக்கடைக்குப் பிளஸ் 9. எங்கள் வீடு மைனஸ் 4. யாரும் அனுமதி தரவில்லை, அவரும் கேட்கவில்லை.

டீக்கடைக்காரருக்கு ஒரு சந்தேகம். "ஏன் மேஸ்திரி, சைபர்னா ஒண்ணுமில்லன்னு அர்த்தம். ஒண்ணுமில்லாததுக்குக் கீழ என்னாய்யா இருக்கும்?"

"ஒங்க கெணத்துல தண்ணி எங்க இருக்குது?"

"கீழ."

"எதுக்குக் கீழ?"

"தரைக்குத்தான்."

"அப்ப தரை சைபரு, தண்ணி மைனஸு. இத்தினி வருசமா மைனஸைத்தான மொண்டு டீ போட்டு விக்கிறீங்க!"

என் மனைவிக்கு வேறு சந்தேகம். மைனஸ் 11 பெரிதா, மைனஸ் 4 பெரிதா? "பதினொண்ணுதானங்க பெருசு?" என்றாள். மேஸ்திரி எங்கள் சுவரில் செங்குத்தாக ஒரு கோடு இழுத்தார். நடுவில் பூஜ்யம், மேலே பிளஸ், கீழே மைனஸ்.

"ஸ்கூலுல இந்தக் கோட்டப் படுக்கப் போட்டு வச்சிட்டாங்கம்மா. படுத்துக் கெடக்கிறதுல எது ஒசரம்னு எப்பிடித் தெரியும்? எழுப்பி நிக்க வச்சிப் பாருங்க. நாலு மேல நிக்கிது, பதினொண்ணு கீழ கெடக்குது. பதினொண்ணுல பெருசு பள்ளம்தான்."

அந்த மைனஸ் 11 வசந்தாவின் வீடு. களிமண்ணில் அகல் விளக்கு செய்து, காயவைத்து, பீங்கான் பட்டறைச் சூளைக்குக் கொடுப்பவர். சுடாத விளக்குகள் தரை முழுக்கப் பரப்பியிருக்கும். அதில் தண்ணீர் பட்டால் மறுபடியும் சேறுதான். தன் சுவரில் மைனஸைப் பார்த்த அன்று அவர் மேஸ்திரியை விரட்டாத குறை.

"ஏன்யா, ஊரு பாக்க என் வூட்ட மைனஸுன்னு எழுதி வச்சிருக்கிற? புள்ளைங்க 'மைனஸக்கா'ன்னு கூப்புடுது!"

"நான் எழுதாட்டியும் தண்ணிக்குத் தெரியும்மா."

தண்ணீருக்குத் தெரியும் என்பதால் வசந்தா வாசலில் பன்னிரண்டு அங்குலத் தடுப்பு கட்டியிருந்தார். பதினொன்று பள்ளம், பன்னிரண்டு தடுப்பு. மிச்சம் ஒரு அங்குலம். அந்த ஒரு அங்குலத்தில்தான் அவர் பிழைப்பு நடந்தது.

இந்த நிலையில் புது ரோடு போட ஆட்கள் வந்தார்கள். பழைய ரோட்டின் மேலேயே ஆறு அங்குலம் ஏற்றுவதாகத் திட்டம். கார்த்திகைக்கு மூன்று வாரம் இருந்தது; வசந்தாவின் வீட்டில் நடக்கக்கூட இடமில்லாமல் விளக்குகள். மேஸ்திரி வீடு வீடாக ஓடினார்.

"ரோடு ஆறு ஏறுனா நம்ம நம்பரெல்லாம் ஆறு எறங்கும்ங்க!"

டீக்கடைக்காரர் விரல் விட்டுப் பார்த்தார். "ஒம்போதுல ஆறு போனா மூணு. இன்னும் பிளஸ்தான?"

"பிளஸ்தான்."

"அப்ப போடட்டும்."

தெருவில் பதினைந்து வீடு பிளஸ். பதினைந்தும் அதையே சொன்னது. வசந்தா யாரையும் திட்டவில்லை. விளக்குகளைக் கட்டில் மேலும் அலமாரியிலும் அடுக்கத் தொடங்கினார். பாதிகூட அடங்கவில்லை.

மறுநாள் காலை நாங்கள் எழுந்து பார்த்தால், எல்லாச் சுவரிலும் பழைய எண் அழிந்து புது எண். எங்கள் வீடு பிளஸ் 7! டீக்கடை பிளஸ் 20! மைனஸ் என்பதே தெருவில் இல்லை. வசந்தாவின் சுவரில் மட்டும் வட்டமாக ஒரு பூஜ்யம். நான் டைரியை எடுத்துச் சரிபார்த்தேன். எல்லாவற்றிலும் பதினொன்று கூடியிருந்தது. பிசகே இல்லை.

டீக்கடைக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. "இருவதாமே நம்ம கடை!"

"ஆமாங்க," என்றார் மேஸ்திரி. "ரோடு இப்ப பதினொண்ணு. ஆறு ஏத்துனா பதினேழு. அந்தம்மா தடுப்பு பன்னெண்டுதான். ஒங்க கடையில ஊத்துற தண்ணி இருவதுலேர்ந்து எறங்கி, ரோட்டத் தாண்டி, எந்த நம்பருக்குப் போவும்?"

டீக்கடைக்காரர் வசந்தாவின் சுவரைப் பார்த்தார். "நானாய்யா அங்க ஊத்துறேன்?"

"நீங்க ஊத்தல. ஒங்க இருவது ஊத்துது."

ரோடு போடும் ஆட்கள் டீ கேட்டு வந்தபோது டீக்கடைக்காரர் சொல்லிவிட்டார். "பழைய ரோட்ட ஆறு இஞ்சு சுரண்டிட்டுப் போடுங்க. சுரண்டுற வரைக்கும் டீ கெடையாது." மற்ற வீட்டுக்காரர்கள் நாங்களும் வந்து ரோலர் முன்னால் நின்றோம். ரோடு ஆட்கள் ஒன்றரை நாள் டீ இல்லாமல் தாக்குப்பிடித்தார்கள். பிறகு சுரண்டினார்கள்.

அடுத்த வாரமே மழை. தண்ணீர் வசந்தாவின் தடுப்புக்கு ஓர் அங்குலம் கீழே வந்து நின்று, வடிந்தது. ஒரு விளக்கும் நனையவில்லை.

ஆனால் என் டைரியில் ஒரு குறை. வீடுகள் இருபத்து நான்கு. எண்கள் இருபத்து மூன்று. மேஸ்திரி தன் வீட்டுக்கு எழுதவே இல்லை. மழை விட்டதும் நேரில் போனேன். அவர் வாசலில் ஐந்து வரிசைச் செங்கல் அடுக்கிக் கட்டியிருக்கும். நாய் வராமல் இருக்க என்று எங்களிடம் சொல்லியிருந்தார். உள்ளே கதவுக்குப் பின்னால் காவியில் சின்னதாக எழுதியிருந்தது: மைனஸ் 2.

"மேஸ்திரி, அப்ப தெருவுலயே பள்ளம் ஒங்க வூடுதானே? சைபர இங்க வைக்க வேண்டியதுதான?"

"வச்சிருந்தா அந்தம்மா பிளஸ் ரெண்டுங்க. பிளஸ் ரெண்டுக்காக எவன் ரோட்டச் சுரண்டுவான்?" என்று சொல்லி, டியூபின் ஒரு முனையை என் கையில் திணித்தார்.

நான் வசந்தாவிடம் மட்டும்தான் சொன்னேன். கார்த்திகை முடிந்த மறுநாள், மேஸ்திரி வேலைக்குப் போயிருந்த நேரத்தில், அவர் வாசலில் ஆறாவது வரிசைச் செங்கல் ஏறியிருந்தது. சிமென்டில் விளக்குக் களிமண் ஒட்டிய விரல் தடங்கள். மேஸ்திரி வந்ததும் டியூபை வைத்துப் பார்த்தார். அரை அங்குலம் கோணல்.

அடுத்தவர் வீட்டில் கால் அங்குலம் பிசகினாலே இடித்துக் கட்டுகிறவர். அந்த வரிசையை மட்டும் இன்றுவரை தொடவில்லை.