நேரில் போய்த் தீர்ப்பவர்

புகார் சொல்கிறவர்களில் பல தினுசு உண்டு. அழுது சொல்கிறவர், அதட்டிச் சொல்கிறவர், எழுதிப் போட்டுவிட்டு மறந்துபோகிறவர். இவர்களுக்கெல்லாம் மேலே ஓர் இனம்: நேரில் போய்த் தீர்ப்பவர்.

காஞ்சிபுரம் குமாரவேல் இதில் முதல் தரம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, வாடகைத் தறியில் உட்கார்ந்து, சொந்தத் தறி போட்டு, மாடி வீடும் கட்டியவர். எல்லாம் வாயாலேயே நடந்தது என்பது அவர் கணக்கு. கைக்கு அதில் பங்கு கிடையாது.

அவர் மனைவி புவனேஸ்வரி, மகளை ஏனாத்தூர் கல்லூரியில் படிக்கவைக்க, தறிக்குப் பாவு நூல் பிணைத்த கூலியில் சிறுகச் சிறுகப் பங்குகள் வாங்கியிருந்தார். தரகர் ஆபீஸ் ஒரு வார்த்தை கேட்காமல் அவற்றை விற்றுவிட்டது.

"போன்லயே கம்ப்ளைன்ட் எழுதலாமாம். அவங்க கேக்கலன்னா மேலிடத்துக்கும் எழுதலாமாம்."

"எழுதறவன்லாம் பேசத் தெரியாதவன். நான் நேர்ல போறேன் புவனா."

போனார். மேனேஜர் ஆனந்தகுமார் எழுந்து நின்று கும்பிட்டார். "ஐயா மாதிரி பெரியவங்க வந்ததே எங்க பாக்கியம்." சுழல் நாற்காலி வந்தது, காபி வந்தது, கோபம் பாதி இறங்கியது. மறுமுறை முறுக்கும் வந்தது. மீதியும் இறங்கியது.

அடுத்த முறை அங்கே தேவசகாயம் என்றொருவர் தன் பங்குகளுக்காகக் கத்திக்கொண்டிருந்தார். அடுத்தவர் சண்டையைத் தீர்க்காமல் நம்மவருக்குச் சோறு இறங்குமா?

"எதுக்குபா கத்திக்கினு இருக்க? உக்காரு. தம்பி தங்கமான புள்ள, செய்யும். நான் வாடகத் தறில இருந்த காலத்துல..."

கதை பாதி வருவதற்குள் தேவசகாயம் வீட்டுக்குக் கிளம்பச் செருப்பைத் தேடினார். ஆனந்தகுமார் வாய் பிளந்தார். மறுநாள் குமாரவேலுக்குத் தனி மேசை போட்டாயிற்று. அன்றிலிருந்து நெற்றி நிறைய விபூதியோடு கோயிலுக்குக் கிளம்புகிறவர் நேரே அங்கே போவார். வருகிறவர்கள் அழுவார்கள், இவர் கதை சொல்வார், அவர்களுக்குத் திடீரென்று ரேஷன் கடை ஞாபகம் வரும். அத்தனை புகாரும் தீர்ந்தது என்று தலைமை ஆபீசுக்குத் தகவல் போகும்.

மகளின் கல்லூரியில் பணம் கட்டக் கடைசித் தேதி நெருங்கியது. புவனேஸ்வரியே தரகர் ஆபீசுக்கு வந்துவிட்டார்.

"என் பங்கு இன்னாச்சு?"

குமாரவேல் குரலைத் தாழ்த்தினார். "எல்லாரும் பாக்கறாங்கமா. எங்க ஆபீஸுல வந்து..."

"எங்க ஆபீஸா?"

"முதல்ல உக்காரு. காபி சொல்லட்டா?"

அந்த அம்மாள் உட்காரவில்லை. நின்றபடியே செல்போனை எடுத்து மேலிடத்துக்குப் புகார் எழுதினார். எதிர்த் தரப்பு என்ற இடத்தில் தரகர் பெயரைப் போட்டுவிட்டு, கணவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்து, 'மற்றும் குமாரவேல்' என்று சேர்த்தார்.

சிரிக்கிறீர்களா? போன வாரம் பேங்கில் சண்டை போடப் போய், அந்தப் பெண் 'சார்' என்றதும் தலையாட்டிவிட்டு வந்தீர்களே, வீட்டில் சொல்லிவிட்டீர்களா?